காட்டுயிர்ப் பாதுகாப்பில் உதவித்தொகையுடன் மேற்படிப்பு: சிங்கப்பூருக்கு வர நினைப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியிலோ ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ காட்டுயிரியல் படித்தவர்கள், பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ விலங்கியல் முடித்தவர்கள், பேராக்கிலும் பகாங்கிலும் காட்டு வேலை பார்க்கும் மலேசியத் தமிழர்கள் எனப் பலரிடமிருந்து ஏறத்தாழ ஒரே கேள்விதான் வருகிறது: "மேலே படிக்க ஆசை, வீட்டில் வசதியில்லை, சிங்கப்பூரில் வழி உண்டா?"

உண்டு. ஆனால் பெரும்பாலானோர் அதைத் தவறான முனையிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். முதலில் ஸ்காலர்ஷிப் பட்டியல், அப்புறம் பல்கலைக்கழகம், கடைசியில் ஆய்வுத் தலைப்பு என்று போகிறார்கள். இந்தத் துறையில் சிங்கப்பூரின் பணம் ஆய்வுப் பட்டங்களில் இருக்கிறது. ஆய்வுப் பட்டத்துக்குள் போக ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க வேண்டும். அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பது நீங்கள் கொண்டுவரும் கேள்வியை வைத்துத்தான். ஆகவே கேள்வி முதலில், ஆள் இரண்டாவது, பணம் மூன்றாவது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

காடே இல்லாத ஊரில் காட்டுயிர்ப் படிப்பா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. இதற்குத் தெளிவான பதில் தெரியாமல் விண்ணப்பிக்க வேண்டாம், நேர்காணலில் இதையே கேட்பார்கள்.

சிங்கப்பூர் தன் ஆதிக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்த ஊர். அந்த இழப்பால் உயிரினங்களுக்கு என்ன ஆனது என்று கணக்கிட்டு 2003-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர், இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நவ்ஜோத் சோதி. தென்கிழக்காசியாவின் காடுகள் அழியும் வேகத்தை உலகம் கவனிக்க வைத்தவர்களில் ஒருவர் அவர். 2011-இல் மறைந்தார். அவரிடம் படித்த கோ லியன் பின் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் இயற்கை சார்ந்த பருவநிலைத் தீர்வுகளுக்கான நிலையத்தை வழிநடத்துகிறார். 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, இரண்டு நூற்றாண்டில் சிங்கப்பூரின் உயிரினங்களில் சுமார் 37 விழுக்காடு இங்கிருந்து அற்றுப்போயிருக்கும் என்று மதிப்பிட்டது. இரண்டு நூற்றாண்டுப் பதிவுகளை வைத்து அழிவை இப்படி எண்ணிப் பார்க்க முடிகிற வெப்பமண்டல ஊர்கள் மிகக் குறைவு. சிங்கப்பூரின் பலம் அதுதான்.

இன்னொரு பக்கம் வணிகம். 2019 ஜூலையில் இங்கே கைப்பற்றப்பட்ட ஒரே சரக்கில் 8.8 டன் யானைத் தந்தமும் 11.9 டன் எறும்புத்தின்னிச் செதில்களும் இருந்தன. அந்தத் தந்தம் ஏறத்தாழ 300 யானைகளுடையது என்று மதிப்பிட்டார்கள். 2021-இல் தேசியப் பூங்காக் கழகம் காட்டுயிர்த் தடயவியலுக்கென்றே ஒரு நிலையம் அமைத்தது. இதில் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிடிபடும் நட்சத்திர ஆமைகள் செல்லப்பிராணிச் சந்தைக்காகத் தென்கிழக்காசியாவுக்குக் கடத்தப்படுகின்றன. இங்கே மீட்கப்பட்ட 51 ஆமைகளை ஏக்கர்ஸ் என்ற விலங்குநல அமைப்பு 2018-இல் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பியது. சரக்கு இந்தத் துறைமுகங்கள் வழியாகப் போகும்போது, அதைப் பற்றிய படிப்பும் இங்கே இருப்பது பொருத்தம்தானே.

படி 1: எந்தப் பட்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கே மூன்று வகை உண்டு. பாட வகுப்புகளை மையமாகக் கொண்ட முதுகலை, ஆய்வு வழி முதுகலை, முனைவர் பட்டம்.

முதல் வகையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உயிர்ப்பன்மைப் பாதுகாப்பும் இயற்கை சார்ந்த பருவநிலைத் தீர்வுகளும் என்ற முதுகலைப் படிப்பு நடத்துகிறது. பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் இது பொதுவாகக் கைக்காசு போட்டுப் படிக்கும் படிப்பு. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் பல பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிலத்தை அடமானம் வைத்தோ வங்கிக் கடன் எடுத்தோ இதில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காட்டுயிர் வேலைகளின் தொடக்கச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். கடன் அழுத்தத்தில் நல்ல களப்பணியாளர்கள் துறையை விட்டே போய்விடுகிறார்கள்.

ஆய்வு வழி முதுகலைக்குச் சில நேரம் உதவித்தொகை கிடைக்கும், இடங்கள் குறைவு. முழுக் கட்டணமும் மாதாந்தர உதவித்தொகையும் பெரும்பாலும் முனைவர் பட்டத்துக்குத்தான். எனவே வளரும் நாட்டு மாணவருக்கு நடைமுறையில் இருக்கும் நேர்வழி இது: முதுகலையை ஊரிலேயே குறைந்த செலவில் முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு இங்கே வருவது.

இந்தியாவில் மூன்றாண்டு பிஎஸ்சி மட்டும் முடித்தவர்கள் நேராக இங்கே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் கதவு திறப்பது கடினம். எம்எஸ்சி முடித்துவிட்டு வாருங்கள். டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனமும், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் காட்டுயிர் முதுகலைப் படிப்புகளில் படித்தவர்களை உலகின் எந்த ஆய்வகமும் மதிக்கும். இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வும் உண்டு. பெங்களூர்ப் படிப்புக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அங்கே திட்ட உதவியாளராகச் சேர்ந்தால் களப்பயிற்சி கிடைக்கும். இலங்கையில் நான்காண்டு சிறப்புப் பட்டம் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பு மேல்நிலையிலோ பெற்றவர்கள் நேரடியாகவே முயலலாம்.

படி 2: உங்கள் கேள்வியைச் செதுக்குங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மூன்று நான்கு மாதம் எடுத்தாலும் தப்பில்லை.

"யானைகளைக் காப்பாற்ற வேண்டும்" என்பது விருப்பம். ஆய்வுக் கேள்வி என்றால், அதற்குப் பதில் கண்டுபிடிக்க முடிய வேண்டும், பதில் எதிர்மாறாக வரவும் இடமிருக்க வேண்டும், வந்த பதிலால் யாரோ ஒருவர் ஒரு முடிவை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நீங்கள் பாக் விரிகுடாக் கரையோரத்து ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, உங்கள் ஊர் மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2022-இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. "ஆவுளியா பாதுகாப்பு" என்று தலைப்பு வைத்தால் அது கேள்வியே இல்லை. அடுத்த சுற்றில் "கடற்புல் அழிவதால் ஆவுளியா குறைகிறதா?" என்று வரும். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் நான்கு ஆண்டில் ஒருவர் செய்து முடிக்கிற வேலை இல்லை, விலங்கோ கண்ணிலேயே அரிதாகத்தான் படும்.

இன்னும் இறங்குங்கள். ஆவுளியா என்ன தின்கிறது? கடற்புல். அதிலும் ஹாலோஃபிலா போன்ற மென்மையான வகைகளை விரும்பும். மேய்ந்த இடத்தில் வாய்க்கால் வெட்டியதுபோல் தடம் விட்டுப்போகும். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைக் கட்டிய படகும் அதே கடற்புல் படுகையில்தான் தடம் போடுகிறது. அப்படியானால், இழுவைமடி கிழித்த படுகை மீண்டும் புல் பிடிக்க எத்தனை மாதம் ஆகிறது? எந்த வகைப் புல் முதலில் திரும்புகிறது? அப்படித் திரும்பிய இடத்தில் மேய்ச்சல் தடம் தெரிகிறதா? இப்போது கேள்வி கைக்கு அடங்குகிறது. விலங்கைப் பார்க்காமலே தடத்தை அளக்கலாம். ட்ரோன் படம், சதுரச் சட்டம் வைத்து எடுக்கும் கணக்கு, மீனவர்களிடம் நேர்காணல் என்று முறைகளும் தெளிவாகின்றன. பதில் வந்தால், பாதுகாப்பகத்தில் எந்தப் பகுதியில் எந்த மாதங்களில் இழுவைமடியைத் தள்ளிவைப்பது என்று அதிகாரிகளும் மீனவர் சங்கங்களும் பேச முடியும்.

இதற்குச் சிங்கப்பூர் எதற்கு? சிங்கப்பூர்க் கடலிலும் கடற்புல் படுகைகள் இருக்கின்றன. புலாவ் உபினின் செக் ஜாவாவிலும் சைரீன் திட்டிலும் கடற்பசு மேய்ந்த தடங்கள் பதிவாகியிருக்கின்றன. செயிண்ட் ஜான்ஸ் தீவில் தேசியக் கடல் ஆய்வகம் இருக்கிறது. நிலமீட்பும் (கடலைத் தூர்த்து நிலமாக்குவது) கப்பல் போக்குவரத்தும் கிளப்பும் சேற்றில் கடற்புல்லும் பவளமும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று இங்கே நீண்ட காலமாகப் பார்க்கிறார்கள். இரண்டு கரைகளையும் ஒப்பிட்டால் உங்கள் கேள்வி ஊர்க் கேள்வியாக நின்றுவிடாமல் வளரும். "ஏன் சிங்கப்பூர்?" என்று கேட்டால் சொல்லப் பதிலும் கையில் இருக்கும்.

உங்கள் ஊர் கடலோரமாக இல்லாமல் போகலாம். கடவூர் மலைத் தேவாங்கு, நீலகிரி வரையாடு, மட்டக்களப்புக் களப்புப் பறவைகள், பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் தப்பிப் பிழைக்கும் புனுகுப்பூனை என எதுவானாலும் இதே போல மூன்று நான்கு சுற்று இறக்கிப் பாருங்கள். மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அந்த மண்ணின் மொழியும் ஆட்களும். மீனவரிடமும் தோட்டத் தொழிலாளியிடமும் இருளர் பெரியவரிடமும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிகிற ஆய்வாளர்கள் அரிது. விண்ணப்பத்தில் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

படி 3: கைடு தேடுவதும் முதல் கடிதமும்

தேட வேண்டிய இடங்கள் முக்கியமாக இரண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிவியல் துறை ஒன்று. பறவை மரபியல், பவளம், கரையோர உயிரியல், காட்டுச் சூழலியல், பாதுகாப்புப் பொருளியல் என்று பல ஆய்வகங்கள் அங்கே உண்டு. அதே வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகமும் இருக்கிறது. வகைப்பாட்டியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது பெரிய வரம். இரண்டாவது, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி. வெப்பமண்டலக் காடு, பூச்சிகள், நிலப்பயன்பாடு, கடல் பற்றி அங்கே ஆய்வு நடக்கிறது.

துறை இணையதளத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொருவரின் கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். பத்து ஆண்டுக்கு முன் எழுதியதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆய்வகங்களின் போக்கு மாறும், ஆட்களும் இடம் மாறுவார்கள். ஆறு பெயருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரின் இரண்டு கட்டுரைகளையாவது முழுதாகப் படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் கடிதம். பேராசிரியர்களின் அஞ்சல் பெட்டியில் நாள்தோறும் வந்து விழும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: "மரியாதைக்குரிய ஐயா, தங்களின் மேன்மைமிகு ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன், எனக்கு விலங்குகள் மீது சிறுவயது முதலே அளவற்ற அன்பு." இதற்குப் பதில் வராது. அன்பு பொய் என்பதற்காக அல்ல. அந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம் என்பதற்காக.

நல்ல கடிதம் எப்படி இருக்கும்? நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், ஆனால் உள்ளடக்கம் இந்த மாதிரி அமையட்டும்:

"வணக்கம். நான் பாக் விரிகுடாவில் கடற்புல் படுகைகளை முதுகலை ஆய்வாகச் செய்தவள். இழுவைமடி போன தடங்களில் புல் திரும்புவதை ஓராண்டு அளந்தேன். ஹாலோஃபிலா முதலில் வந்தது, பெரிய வகைகள் வரவேயில்லை. சேற்றைத் தாங்கும் அளவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் இடங்களில் புல் திரும்பாததற்குக் காரணம் வேர் அறுந்ததா, அல்லது கிளம்பிய சேறு வெளிச்சத்தை மறைத்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் முறையில் அதைப் பிரித்துப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆகஸ்டில் முனைவர் பட்ட மாணவர் எடுக்கிறீர்களா? என் தன்விவரமும் ஒரு பக்கத் திட்டச் சுருக்கமும் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். இருநூறு சொல்லுக்குள் முடிந்துவிட்டது. செய்த வேலை இருக்கிறது, கிடைத்த முடிவு இருக்கிறது, தடுக்கிய இடம் இருக்கிறது, அவரிடம் ஏன் வருகிறார் என்பதும் இருக்கிறது. கடைசியில் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி. புகழுரை ஒரு வரிகூட இல்லை. நம் ஊர் வழக்கப்படி இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். இங்கே அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவருடைய கட்டுரையைப் படித்திருப்பதுதான் இங்கே மரியாதை.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை, இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா, அடுத்த பெயருக்குப் போங்கள். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்குச் சேர்த்து அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே துறையில் இருப்பவர்கள் சாப்பாட்டு வேளையில் இதையெல்லாம் பேசிக்கொள்வார்கள்.

படி 4: பணம் எங்கிருந்து வருகிறது

வெளிநாட்டு மாணவர்களுக்குப் பெயர்பெற்றது சிங்கா எனப்படும் சிங்கப்பூர் அனைத்துலகப் பட்டமேற்படிப்பு விருது. ஏஸ்டார் ஆய்வு அமைப்பும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தருவது. நான்கு ஆண்டு வரை முழுக் கட்டணம், மாதம் 2,700 வெள்ளி அளவில் உதவித்தொகை, படிப்பின் இடையில் வரும் தகுதித் தேர்வு தேறிய பிறகு உயர்வு, ஒருமுறை விமானச் செலவுக்கு 1,500 வெள்ளி வரை, குடியேறும் செலவுக்கு 1,000 வெள்ளி. ஆகஸ்ட் சேர்க்கைக்கு முந்திய டிசம்பர் 1, ஜனவரி சேர்க்கைக்கு முந்திய ஜூன் 1 கடைசி நாள் என்பதுதான் இதுவரையிலான வழக்கம். விண்ணப்பிக்கும் ஆண்டில் தேதியையும் தொகையையும் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வு உதவித்தொகைகள். இவற்றுக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பம் தேவைப்படாது. சேர்க்கை விண்ணப்பத்திலேயே உதவித்தொகை வேண்டும் என்று குறிப்பிட்டால் போதும். சில ஆண்டுகள் இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வுக்கூட வகுப்போ பயிற்சி வகுப்போ எடுக்க வேண்டியிருக்கும். மதிப்பெண்ணும் வெளியீடுகளும் மிகச் சிறப்பாக இருப்பவர்களுக்குத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிரசிடெண்ட்ஸ் ஃபெல்லோஷிப்பும் நன்யாங்கில் பிரசிடெண்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பும் உண்டு. மூன்றாவது வழி, பேராசிரியரின் ஆய்வு நிதி. அவரிடம் ஓடும் திட்டத்தில் மாணவருக்கென்று பணம் ஒதுக்கியிருப்பார். இது வெளியே தெரியாது. முதல் கடிதத்துக்கு நல்ல பதில் வந்தால், அடுத்த கடிதத்தில் நேராகவே கேட்கலாம்: "எந்த உதவித்தொகைக்கு நான் முயல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: களப்பணி நிதி வேறு, படிப்பு உதவித்தொகை வேறு. ரஃபோர்டு அறக்கட்டளை, முகமது பின் சையது உயிரினப் பாதுகாப்பு நிதி போன்றவை வளரும் நாட்டு இளம் ஆய்வாளர்களுக்குப் பேருதவி செய்கின்றன. ஆனால் அவை படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. பயணம், உபகரணம், களத்தில் கூலி போன்றவற்றுக்குத்தான் அந்தப் பணம். ஐடியா வைல்டு என்ற அமைப்பு கேமரா டிராப் (விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் கேமரா), பைனாகுலர், ஜிபிஎஸ் போன்ற கருவிகளைத் தருகிறது. மேற்படிப்புக்கு முன்னாலேயே இவற்றில் ஒன்றைப் பெற்று ஒரு சிறு ஆய்வை முடித்துவிடுங்கள். தனியாக நிதி கேட்டு, வாங்கி, கணக்குக் காட்டி, அறிக்கை எழுதிய மாணவர் என்றால் தேர்வுக் குழுவுக்கு வரும் நம்பிக்கையே தனி.

ஏஜெண்டுகளைப் பற்றி ஒரு வரி. உதவித்தொகையுடன் கூடிய முனைவர் படிப்புக்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை. விண்ணப்பம், நேர்காணல், சேர்க்கை எல்லாம் உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில்தான் நடக்கும். "சீட்டும் ஸ்காலர்ஷிப்பும் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல், பாஸ்போர்ட், தன்விவரம், ஆய்வுத் திட்டம், இரண்டு பரிந்துரையாளர்கள். ஆங்கிலவழியில் படித்தவர்கள் கல்லூரியில் பயிற்றுமொழிச் சான்றிதழ் ஒன்றை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். டோஃபல், ஐஈஎல்டிஎஸ், ஜிஆர்ஈ எது தேவை என்பது துறைக்குத் துறை மாறுவதால் அந்தத் துறையின் பக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள். நம் பல்கலைக்கழகங்களில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வாரக்கணக்கில் ஆகும். கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். அரியர் இருந்து தேறியிருந்தால் மறைக்க வேண்டாம். அதற்குப் பிறகு மதிப்பெண் ஏறியிருந்தால் அதைப் பரிந்துரையாளர் சொல்லட்டும்.

பரிந்துரையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள். உங்களைத் தெரியாத துணைவேந்தரின் நான்கு வரியைவிட, மழையில் உங்களோடு டிரான்செக்ட் (நேர்கோட்டில் நடந்து எடுக்கும் கணக்கெடுப்பு) நடந்த உதவிப் பேராசிரியரின் ஒரு பக்கம் பல மடங்கு எடை கொண்டது. அவருக்கு உங்கள் திட்டச் சுருக்கத்தையும் கடைசித் தேதியையும் ஒரு மாதம் முன்பே கொடுங்கள்.

படி 6: அனுமதிகளை விண்ணப்பத்திலேயே யோசியுங்கள்

இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஆய்வுகள் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்தாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காக இந்தியாவில் மாதிரி எடுக்கும்போது சட்டம் அதை வேறு கண்ணால் பார்க்கும். 2002-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டப்படி, இந்தியாவின் உயிரியல் வளங்களை வெளிநாட்டு நிறுவனம் ஆய்வுக்குப் பெறுவதற்கு தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. இரத்தம், திசு, எச்சம், புல் மாதிரி எதையும் பையில் போட்டுச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்துவிட முடியாது. காப்பகப் பகுதிக்குள் நுழைவதற்கு மாநில வனத்துறையின் அனுமதி தனி. இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளில் ஆய்வு செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். மக்களிடம் நேர்காணல் எடுத்தாலும் விலங்குகளைக் கையாண்டாலும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதல் வேண்டும்.

இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், திட்டத்தை அதற்கேற்ப அமையுங்கள். மாதிரி எடுக்கும் வேலையை இந்திய நிறுவனம் ஒன்றோடு கூட்டாகச் செய்து, மரபணுப் பகுப்பாய்வை அங்கேயே முடித்து, எண்களை இங்கே ஆராயலாம். அல்லது படம், ஒலி, நேர்காணல் என்று மாதிரியே எடுக்காத முறைகளைத் தேர்ந்தெடுக்கலாம். எப்படியானாலும் தரவை வெளியே கொண்டுபோவதற்கான விதிகளையும் அந்தக் கூட்டு நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் ஆண்டு முழுவதும் சிங்கப்பூர்த் தரவை வைத்து வேலை செய்து, அனுமதி வந்தபின் ஊர்க் களத்துக்குப் போவது பாதுகாப்பான ஏற்பாடு. திட்டச் சுருக்கத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். படிப்பவருக்கு நீங்கள் களம் தெரிந்த ஆள் என்பது அந்த ஒரு பத்தியிலேயே புரிந்துவிடும்.

படி 7: நேர்காணல்

பெரும்பாலும் காணொளி அழைப்பில்தான் நடக்கும், அரை மணி நேரம் முன்பின் ஆகும். உங்கள் பழைய ஆய்வைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு கேள்விகள் புள்ளியியல் பக்கம் திரும்பும். எத்தனை மாதிரி, ஏன் அத்தனை, ஒரு விலங்கு கேமராவில் விழவில்லை என்றால் அது அங்கே இல்லை என்று அர்த்தமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது நன்றாகத் தயாராகுங்கள். இருந்தும் கண்ணில் படாமல் போவதற்கான வாய்ப்பை எப்படிக் கணக்கில் கொள்வது என்பது இன்றைய காட்டுயிர் ஆய்வின் மையத்தில் இருக்கும் விஷயம். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஒரு சிறு தரவையாவது நீங்களே ஆராய்ந்திருக்க வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு வரைபடமாவது போட்டிருக்க வேண்டும். இரண்டும் இலவச மென்பொருள்கள், சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

தெரியாததற்குத் "தெரியாது, இப்படிக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலம் தடுக்கிவிடுமோ என்று பயந்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். மெதுவாகப் பேசலாம், நிறுத்தி யோசிக்கலாம். இங்கே பேராசிரியர்கள் பல நாட்டு ஆங்கிலம் கேட்டுப் பழகியவர்கள்.

ஏற்கெனவே சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்களா?

பொறியியலோ கணக்கியலோ படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்து, மனம் மட்டும் காட்டில் இருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வசதி உண்டு. வார இறுதியில் களம் பக்கத்திலேயே இருக்கிறது. ராஃபிள்ஸ் பேண்டட் லாங்கூர் என்ற குரங்கைக் கணக்கெடுக்கும் குடிமக்கள் அறிவியல் திட்டம் 2016 முதல் நடக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் கொக்கு, தோட்டப் பறவை, வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. சுங்கை பூலோ சதுப்புநிலத்திலும் அரும்பொருளகத்திலும் வாய்ப்புகள் வரும். ஒரு வருடம் விடாமல் செய்துவிட்டு, அந்த அனுபவத்தோடு பேராசிரியரை நேரில் சந்திக்க நேரம் கேளுங்கள். தரவு அறிவியலோ மென்பொருளோ தெரிந்தவர்களுக்கு ஒலிப்பதிவு ஆய்விலும் கேமராப் படங்களைப் பிரித்தறியும் வேலையிலும் நல்ல தேவை இருக்கிறது.

சிங்கப்பூர் அமையாவிட்டால்

ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்காதீர்கள். முதுகலைக்கே பணம் வேண்டும் என்பவர்களுக்கு மற்ற நாடுகளில் வழி அதிகம். பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவும் தருகிறது. சுமார் இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணிநேரப் பணி அனுபவம் வேண்டும், முடிந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த் ஷேர்டு உதவித்தொகைக்கு இந்தியர்களும் இலங்கையரும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் என்ற கூட்டு முதுகலைத் திட்டத்தில் வெப்பமண்டல உயிர்ப்பன்மைக்கென ட்ரோபிமுண்டோ என்ற முதுகலை நடந்துவந்திருக்கிறது. அந்தந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது என்று எராஸ்மஸ் பட்டியலில் பாருங்கள். ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு வளரும் நாட்டுப் பணியாளர்களுக்கென வனவியல், சூழலியல் படிப்புகளுக்கு உதவுகிறது. அதற்கும் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். கல்லூரி முடிந்த கையோடு வெளிநாடு என்று அவசரப்படாமல், இரண்டு ஆண்டு களத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதவுகள் எல்லாமே ஒருசேரத் திறக்கின்றன.

கடிதம் வந்துவிட்டது, இனி?

சேர்க்கைக் கடிதம் வந்ததும் மாணவர் அனுமதிக்கு, ஐசிஏ எனப்படும் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் சோலார் (SOLAR) என்ற இணையதளத்தில் விண்ணப்பிப்பீர்கள். கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வரும், அதை வைத்து உள்ளே நுழையலாம். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பல்கலைக்கழகமே படிப்படியாக வழிகாட்டும்.

திருமணமானவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் அனுமதியை வைத்துத் துணைவரையோ பிள்ளைகளையோ சார்ந்தோர் அனுமதியில் அழைத்துவர முடியாது. நான்கு ஆண்டு என்பது நீண்ட காலம். வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

2,700 வெள்ளியில் ஒருவர் கௌரவமாக வாழலாம், கொஞ்சம் வீட்டுக்கும் அனுப்பலாம், வாடகையில் கவனமாக இருந்தால். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் கிளமெண்டி, ஜூரோங் பக்கம் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வதுதான் கட்டுப்படியாகும். உணவங்காடியில் சாப்பிட்டால் உணவுச் செலவு கட்டுக்குள் இருக்கும், லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் ஊர்க் காய்கறி எல்லாமே கிடைக்கும். முதல் உதவித்தொகை கைக்கு வரச் சில வாரம் ஆகும். அறைக்கு முன்பணமும் கட்ட வேண்டும். ஆகவே புறப்படும்போது ஒன்றரை மாதச் செலவுக்காவது பணம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இந்த முறை கிடைக்கவில்லை என்றால், மறுத்த பேராசிரியருக்கு நன்றி சொல்லி, திட்டத்தில் எது பலவீனம் என்று ஒரு வரி கேளுங்கள். எல்லோரும் பதில் எழுத மாட்டார்கள், எழுதுகிறவர் சொல்வது பொன்னானது. ஆகஸ்டுக்கு அடுத்து ஜனவரிச் சேர்க்கை இருக்கிறது. இடையில் இருக்கும் மாதங்களில் முதுகலை ஆய்வைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அந்த ஒரு வரி சேர்ந்திருக்க வேண்டும்.